சூரைத் தலைவர்களின் ஊர்

1956 கோடையில், மணமாகிச் சில வாரங்களே ஆன இளம் தம்பதி ஒன்று ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள பெனிடோர்முக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்தது. இருவரும் கவிஞர்கள்: அமெரிக்கரான சில்வியா பிளாத், ஆங்கிலேயரான டெட் ஹியூஸ். கரையில் இழுத்து நிறுத்தியிருந்த மத்திப் படகுகளைப் பிளாத் பேனாவால் வரைந்தார். அந்த ஓவியங்களும் அவர் எழுதிய கட்டுரையும் அதே ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க நாளிதழில் வெளிவந்தன.

அதே ஆண்டில் அவ்வூர் நகராட்சி வேறொரு வரைபடத்துக்கு ஒப்புதல் பெற்றது. ஊருக்கு வெளியே இருந்த பாதாம், ஆலிவ் தோட்டங்களின் மேல் அகலமான நிழற்சாலைகளை வரைந்து காட்டிய பொது நகரமைப்புத் திட்டம் அது. அன்று ஊரின் மக்கள்தொகை ஆயிரக்கணக்கில்தான் இருந்தது. இன்று அது எழுபதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. கோடையில் வந்து தங்குவோர் அதைவிடப் பல மடங்கு.

அமைதியான மீனவக் கிராமத்தை வெளியூர்ப் பணம் விழுங்கிவிட்டது என்றே பெனிடோர்மின் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். இந்த ஊர் ஒருபோதும் தன் கரையோடு ஒடுங்கிக் கிடந்ததில்லை. உலகத்தோடு பழகியே வளர்ந்தது. அதைப் பழக்கிவிட்டது சூரை மீன்.

1325இல் கடற்படைத் தலைவர் பெர்னாத் தெ சரியா குடியேற்றப் பட்டயம் வழங்கியதிலிருந்து ஊரின் எழுத்து வரலாறு தொடங்குகிறது. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரின் தாக்குதல்களும் நீர்ப்பஞ்சமும் அதை நெடுங்காலம் தலையெடுக்க விடவில்லை. 1666இல் பெயாத்ரிஸ் ஃபஹார்தோ என்ற நிலவுடைமையாளப் பெண்மணி, பாசனக் கால்வாய்க்கு வழிசெய்து புதிய பட்டயம் கொடுத்த பிறகே மக்கள் அங்கே நிலைத்தனர். அப்போதும் மண் தந்தது போதவில்லை. ஆண்கள் கடலை நம்பினார்கள்.

ஆண்டுதோறும் வசந்தத்தில், முட்டையிடுவதற்காக நீலத்துடுப்புச் சூரைகள் அட்லாண்டிக்கிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணை வழியாக மத்தியதரைக் கடலுக்குள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஒவ்வொன்றும் இருநூறு கிலோ எடையை எளிதில் தாண்டக்கூடிய மீன். அதை மறிக்க அமைக்கும் கட்டுவலைக்கு அல்மத்ராபா என்று பெயர். கரையிலிருந்து கடலுக்குள் நெடுந்தூரம் ஒரு வலைச்சுவர் நீளும். நங்கூரங்கள் அதைப் பிடித்து நிறுத்தும். தடுக்கப்பட்ட மீன் ஆழத்தை நோக்கித் திரும்பும். திரும்பும் வழியில் வரிசையாக அறைகள். கடைசி அறைக்கு மட்டும் அடிவலை உண்டு, அதுதான் மடி. மீன் மடிக்குள் சேர்ந்ததும் படகுகள் சுற்றி நின்று அடிவலையை மேலே தூக்கும். கடல் கொந்தளித்து நுரைக்க, ஆட்கள் ஒவ்வொரு மீனாகப் படகில் ஏற்றுவார்கள்.

இதில் உடல்வலுவைவிட அறிவுக்கே வேலை அதிகம். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், அடித்தளம் மணலா பாறையா, எத்தனை நங்கூரம், எந்தக் கோணத்தில் வலைச்சுவர் என்பதையெல்லாம் ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும். அவர்தான் அர்ராயெஸ், வலைத் தலைவர். அவர் கணக்குப் பிழைத்தால் ஒரு பருவத்தின் முதலீடு முழுவதும் போகும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் பெனிடோர்ம்காரர்கள் என்ற பெயர் மேற்கு மத்தியதரைக் கடல் எங்கும் பரவியிருந்தது. ஸ்பெயினின் மற்றக் கரைகளுக்கும் போர்ச்சுகலுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் அவர்களை ஆட்களோடு சேர்த்து அழைத்துக்கொண்டார்கள். வசந்தத்தில் ஆண்கள் கிளம்பிப் போவதும் கோடை முடிவில் கூலியோடு திரும்புவதும் ஊரின் காலக்கணக்காகவே ஆயின. வலை வேலைக்குப் போகாதவர்கள் பலர் வணிகக் கப்பல்களில் மாலுமிகளாகவும் அதிகாரிகளாகவும் போனார்கள். வீட்டுக்கு வீடு துறைமுகங்களின் பெயர் தெரிந்த ஊர் அது.

கடல்நீராட வந்தவர்களும் அந்தக் காலத்திலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குளிப்பு விடுதி வந்துவிட்டது. 1914இல் அலிகாந்தேயிலிருந்து குறுகிய பாதை ரயிலும் வந்தது. ஆனால் அது சில குடும்பங்களின் கோடைப் பழக்கம், அவ்வளவுதான்.

சூரை வரத்து குறைந்தபோதுதான் எல்லாம் மாறியது. 1950களின் தொடக்கத்தில் பெனிடோர்மின் சொந்த அல்மத்ராபா கடைசி முறையாகப் போடப்பட்டு நின்றுபோனது. விடுதிகள் வந்து மீன்பிடியைக் கொன்றன என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வலை ஓய்ந்தது, பிறகுதான் விடுதிகள் எழுந்தன.

1950இன் இறுதியில் பெத்ரோ சரகோசா ஓர்த்ஸ் மேயரானார். கடலோடிகளின் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர். பிராங்கோவின் சர்வாதிகார அரசு நியமித்தவர், மக்கள் வாக்களித்து வந்தவரல்லர். 1967 வரை பதவியில் இருந்தார். வெயிலையும் இரண்டு நீண்ட மணற்கரைகளையும் விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. குளிர்காலத்தில் பூத்த பாதாம் கிளைகளை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பி விளம்பரம் செய்தார்.

பிகினி கதையும் அவருடையதே. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி இறுகியிருந்த நாட்டில், வெளிநாட்டுப் பெண்கள் பிகினியோடு கரையில் நடக்க அவர் அனுமதித்தார். திருச்சபையிலிருந்தே விலக்கிவிடுவதாக மிரட்டல் வந்தது. அப்போது வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறி மாட்ரிட் வரை ஓட்டிப்போய், பிராங்கோவையே நேரில் பார்த்து ஆதரவு பெற்றதாக 2008இல் இறக்கும்வரை சரகோசா சொல்லிவந்தார். அந்தப் பயணம் அவர் சொன்னபடியே நடந்ததோ இல்லையோ, கரையில் பிகினி நிலைத்தது. அந்நியச் செலாவணிக்கு ஏங்கிய அரசு கண்டும் காணாமல் இருந்தது.

1959இல் ஊர் தன் பெயரில் பாட்டுவிழா தொடங்கியது. 1968 விழாவில் வென்ற இளைஞர் ஹூலியோ இக்லேசியாஸ். அதற்கு முந்தைய ஆண்டு அலிகாந்தேயில் புதிய விமான நிலையம் திறந்திருந்தது. பிரிட்டனிலிருந்து மொத்தச் சுற்றுலா விமானங்கள் வரிசையாக வந்திறங்கின.

1956 திட்டம் தோட்டங்களுக்கு நடுவே தாழ்ந்த வீடுகளைத்தான் எண்ணியிருந்தது. 1963இல் செய்த திருத்தம் உயரக் கட்டுப்பாட்டை நீக்கியது. மனையில் பெரும்பகுதியைத் திறந்தவெளியாக விட்டால் கட்டடம் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம். அதன் விளைவே இன்றைய வானுயர் கோபுரங்கள். 2002இல் திறந்த பாலி விடுதி மட்டும் 186 மீட்டர். அழகு கெட்டது என்று பலர் வருந்துகிறார்கள். பழைய ஊர் நிற்கும் பாறைமுனையிலிருந்து பார்த்தால் அந்த வருத்தம் புரிகிறது. ஆனாலும் அக்கம்பக்கத்துக் கரையோர ஊர்களில் மலைச்சரிவு முழுக்க வில்லாக்கள் பரவியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரே இடத்தில் நெருக்கி உயர்ந்த இந்த ஊர் குறைந்த நிலத்தையே தின்றிருக்கிறது என்பதும் விளங்கும். பக்கத்தில் செர்ரா ஹெலாதா மலை இன்றும் கட்டடமின்றி நிற்கிறது.

தண்ணீர்தான் உண்மையான சோதனை. 1978 வறட்சியில் கப்பல்களில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன்பின் சுற்றுவட்டார ஊர்களின் நீர்க் கூட்டமைப்பு ஓர் ஏற்பாட்டை வளர்த்தெடுத்தது. மலையடி விவசாயிகள் தங்கள் பங்கு நன்னீரை நகரங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். சுத்திகரித்த கழிவுநீர் அவர்களின் தோட்டங்களுக்குப் போகிறது. பெயாத்ரிஸ் ஃபஹார்தோவின் கால்வாய்க் காலத்திலிருந்தே நீருக்காகப் பேரம் பேசிப் பழகிய மண் அது.

அர்ராயெஸ்களின் தொழில் அழிந்துவிடவில்லை. காதிஸ் மாகாணத்தில் பார்பாத்தே, சஹாரா, கோனில், தாரிஃபா ஆகிய ஊர்களின் கடலில் இன்றும் ஒவ்வொரு வசந்தத்திலும் அல்மத்ராபா போடுகிறார்கள். பிடிபடும் சூரையில் கணிசமான பங்கு ஜப்பானுக்குப் போகிறது. தலைமுறை தலைமுறையாக வலைத் தலைவர்களை அனுப்பிய பெனிடோர்மிலோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் விடுதி நடத்துகிறார்கள்.