மலாக்கா தமிழரும் வேலையிடச் சமத்துவமும்

மலேசியாவில் வேலையிடப் பாகுபாட்டைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. கூட்டரசு அரசியலமைப்பிலும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் உள்ள சில பிரிவுகளே அதற்கு ஆதாரம். ஜாசின் மாவட்டம் உள்ளிட்ட மலாக்காத் தோட்டத் தமிழர்கள், இப்பிரிவுகளின் பலனையும் போதாமையையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள்.

ஆங்கிலேயர் காலத்து ரப்பர் தோட்டத்தில் வேலையைப் பிறப்பே தீர்மானித்தது. துரை வெள்ளையர், கிராணி (எழுத்தர்) பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத் தமிழர், பால்மரம் வெட்டியவர் தமிழகத்துக் கூலி. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி என்பதை அரசே விதித்திருந்தது.

1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்றது. ஆனால் அந்தக் காப்பு குடிமக்களுக்கே. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்றதும், குடியுரிமை இன்றிச் சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் நிலைகுலைந்தனர். ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர். மலாயாத் தமிழர் வரலாற்றில் இதற்குக் கிடைத்துள்ள இடம் மிகக் குறைவு.

8ஆம் பிரிவில் ‘பாலினம்’ 2001இல்தான் சேர்ந்தது. ஆயினும் அடிப்படை உரிமைகள் அரசைக் கட்டுப்படுத்துமே தவிரத் தனியார் முதலாளியை அல்ல என்று, கர்ப்பமுற்ற விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வேலை இழந்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. 2011இல் நூர்ஃபடில்லா வழக்கில், கர்ப்பத்தைக் காட்டித் தற்காலிக ஆசிரியை வேலையை மறுத்தது பாலினப் பாகுபாடு என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முதலாளி அரசு, வேறுபாடு அதுதான்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிள்ளைகள் பத்து பெரண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறியபின், தனியார் துறையின் இந்த இடைவெளி அவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் அதை ஓரளவு அடைத்தது. புதிய 69எஃப் பிரிவின்படி, பாகுபாடு பற்றிய தகராறுகளைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். பெண்கள் இரவு வேலைக்கும் சுரங்க வேலைக்கும் செல்வதற்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. வெளிநாட்டுத் தொழிலாளரும் உள்ளூர்த் தொழிலாளரும் ஒருவரோடு ஒப்பிட்டு மற்றவர் பாகுபாட்டுக்கு உள்ளானால் முறையிட 60எல் பிரிவு முன்பே வழிசெய்திருந்தது. இன்று தோட்டங்களில் அதை நாட வேண்டியவர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்.

பாகுபாடு என்றால் என்ன என்பதை 69எஃப் வரையறுக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு: அது வேலையில் இருப்பவருக்கே பொருந்தும். மாண்டரின் தெரிந்தவர் மட்டும் என்ற விளம்பரத்தால் நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாத இளைஞர் இப்பிரிவின்கீழ் புகார் செய்ய இயலாது.