கார் என்ற சொல்லே இல்லாத கார்த் தடை

2017 டிசம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2397ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வட கொரியாவுக்கு எதையெல்லாம் அனுப்பக் கூடாது என்று சொல்லும் அதன் 7ஆம் பத்திதான் இங்கே மூலம். ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஓடும் வாசகம் அது. அதன் பொருளை ஆறு துண்டாக்கித் தமிழில் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே உரை எழுதியிருக்கிறேன்.

நியூயார்க்கில் எழுதிய பத்திக்கு எண்ணூர்ப் பக்கமிருந்து உரை எதற்கு? இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்த கார்கள் கப்பலேறுவது சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும்தான். 1955 முதல் புல்லட் செய்த ஊர் திருவொற்றியூர். வண்டியால் பிழைக்கும் கரை இது. வண்டி விற்காதே என்கிற வாசகத்தை இங்கிருந்து படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

1. எல்லா உறுப்பு நாடுகளும் தடைசெய்ய வேண்டும்

‘எல்லா’ என்றதால் எந்த நாடும் ஒதுங்கி நிற்க முடியாது. ஆனால் தடுக்கும் வேலையைப் பாதுகாப்பு அவை தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. துறைமுக வாசலில் நிற்க அதற்கு ஆளும் கிடையாது. இந்த வாசகம் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் மேசைக்கு வர மூன்று படி இறங்க வேண்டும். அவையின் முடிவை அரசிதழ் ஆணையாக்க 1947ஆம் ஆண்டின் ஐ.நா. (பாதுகாப்பு அவை) சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஏற்றுமதியைத் தடுக்கும் அதிகாரம் 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வர்த்தகச் சட்டம், 3ஆம் பிரிவில் இருக்கிறது. அப்படித் தடுத்த சரக்கை 1962 சுங்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் தடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் அதே 3ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கப்புறம் பறிமுதல்தான். உணவும் மருந்தும் தவிர வட கொரியாவோடு மற்ற வணிகத்தை இந்தியா 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது.

‘எல்லா’ரும் சேரட்டும் என்று இந்தியா காத்திராத காலமும் உண்டு. இந்தியர்களை ஒதுக்கும் நிலச் சட்டத்தைக் கண்டித்து 1946இல், விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. அந்தத் தடை நீங்க 1993 ஆயிற்று. சென்னையில் செய்த ஹூண்டாய் ஆட்டோஸும் டாட்சன் கோவும் பின்னாளில் அதே நாட்டுச் சாலைகளில் ஓடின.

2. நேரடியாகவோ மறைமுகமாகவோ

பத்தியிலேயே பாரமான சொல் ‘மறைமுகம்’. ஏற்றுமதிக்குத் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் சரக்கு இறங்கும் துறைமுகத்துக்கு ஒரு கட்டம் உண்டு, போய்ச்சேரும் நாட்டுக்கு ஒரு கட்டம் உண்டு. அங்கிருந்து அடுத்து எங்கே என்று கேட்கும் கட்டம் இல்லை. ஏஜென்ட் ஜெபல் அலி, ஐக்கிய அரபு அமீரகம் என்று நிரப்பினால் காகிதத்தின் கதை அங்கே முடிந்தது. காரின் கதை முடிய வேண்டும் என்பதில்லை.

2018 ஜூனில் ராட்டர்டாம் துறைமுகத்தில் இரண்டு கவச மெர்சிடிஸ் கார்கள் கன்டெய்னரில் ஏறின. சீனாவின் தாலியன், ஜப்பானின் ஒசாகா, தென் கொரியாவின் பூசான் என்று கைமாறி, ரஷ்யாவின் நகோத்கா வரை போனதை ஆய்வாளர்கள் பின்னால் தடம்பிடித்தார்கள். அதே வகைக் கார்கள் பியோங்யாங் தெருக்களில் தென்பட்டன. வழியில் இருக்கும் ஒரு துறைமுகத்துக்கு அடுத்த துறைமுகம் தெரிந்தால் போதும். கடைசி ஊரைக் காகிதம் கேட்பதில்லை.

3. வழங்கலோ விற்பனையோ கைமாற்றலோ

விற்பனை என்று ஒரு சொல் போதாதா? போதாது. 1974இல் ஸ்வீடன் ஏறக்குறைய ஆயிரம் வோல்வோ 144 கார்களைக் கடனுக்கு வட கொரியாவுக்கு அனுப்பியது. பணம் வரவில்லை. அந்நாட்டு ஏற்றுமதிக் கடன் நிறுவனம் பல பத்தாண்டுகளாக நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தது. விற்பனையாகத் தொடங்கி, கேட்காத அன்பளிப்பாக முடிந்த கதை.

2024 பிப்ரவரியில் புதின் தன் ஆரஸ் காரைப் போன்ற ஒன்றைக் கிம் ஜோங் உன்னுக்குப் பரிசளித்தார். காசு கைமாறவில்லை, ஆகவே அது விற்பனை இல்லை. ‘வழங்கல்’, ‘கைமாற்றல்’ என்ற மற்ற இரண்டு சொற்களும் இந்த இடத்துக்காகவே உட்கார்ந்திருக்கின்றன. தீர்மானத்துக்கு அன்று கை தூக்கிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று.

4. தங்கள் மண் வழியாகவோ, தங்கள் குடிமக்களாலோ, தங்கள் கொடியேற்றிய கப்பலிலோ, எங்கே செய்ததாயினும்

பெயர் கொரியப் பெயர், செய்தது இருங்காட்டுக்கோட்டைச் சாலையோரம், கப்பல் முதலாளி ஜப்பான்காரர், கொடி பனாமாக் கொடி, மாலுமிகள் வேறு நாடு. இப்படி ஒரு கார் எந்த நாட்டுக் கார் என்று கேட்டால் பத்து பேர் பத்து பதில் சொல்வார்கள். பத்தி அந்த வழக்குக்கே போகவில்லை. தொட்டவர் எவரோ அவர் நாடு பொறுப்பு என்று மூன்று முறை ‘தங்கள்’ போட்டுக் கட்டியிருக்கிறது.

5. எச்.எஸ். கோடு 86 முதல் 89 வரையுள்ள வண்டிகள்

கார் என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை. உலகச் சுங்கத்துக்குப் பொதுவான அட்டவணையில் 86 ரயில், 87 சாலை வண்டி, 88 விமானம், 89 கப்பல். 87ஐப் பிரித்தால் 8703 கார், 8711 மோட்டார் சைக்கிள். எண்ணூரில் செய்த லாரியும் திருவொற்றியூர் புல்லட்டும் இந்தக் கூட்டுக்குள்தான். இன்னும் கீழே போனால் 8712 சைக்கிள், 8713 மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலி, 8715 குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி.

ஆயுதத்துக்குப் போகும் வளத்தை அடைக்க எழுதிய வாசகம், எண்ணால் எழுதியதால், தள்ளுவண்டிக் குழந்தையையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. உதவிப் பொருளுக்குத் தனித்தனியே விலக்குத் தர ஐ.நா. குழு ஒன்று இருக்கிறது. ஆக, ஒரு சக்கர நாற்காலி போகலாமா கூடாதா என்பதற்கும் அங்கே மனுப் போட வேண்டும்.

6. வட கொரியப் பயணிகள் விமானங்களின் பாதுகாப்புக்கு வேண்டிய உதிரிபாகங்களுக்கு இது பொருந்தாது

காரைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடாத பத்தி, இங்கே அன்டோனோவ், இல்யூஷின், டுபொலெவ் என்று விமானங்களை மாடல் மாடலாக எண்ணுகிறது. தடை எண்ணால் வந்தது; விலக்கு பெயரால் வருகிறது. எந்தத் தடையிலும் விலக்கைப் படித்தால்தான் சாவி யார் கையில் என்று தெரியும்.

காருக்கே விலக்குக் கிடைத்த கதை கியூபாவுடையது. 1962இல் அமெரிக்கா அந்த நாட்டின் மேல் முழு வணிகத் தடை போட்டது. 1973இல் அர்ஜென்டினா கியூபாவுக்குக் கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் தன் நாட்டுச் சரக்கை வாங்கிக்கொள்ளச் சொன்னது. கார் செய்யும் தொழிற்சாலைகளோ ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்ற அமெரிக்க நிறுவனங்களின் கிளைகள். என் மண்ணில் இருக்கும் ஆலை என் சட்டத்துக்குத்தான் கட்டுப்படும் என்பது அர்ஜென்டினாவின் வாதம். 1974 ஏப்ரலில் வாஷிங்டன் உரிமம் கொடுத்தது. தடை அப்படியே இருந்தது, கார் போனது. 1992இல் வந்த கியூப ஜனநாயகச் சட்டம் வெளிநாட்டுக் கிளைகளுக்கு இருந்த அந்த வழியையும் அடைத்தது.

மறைமலை நகரில் கார் செய்து எண்ணூரில் ஏற்றிய ஃபோர்டும் அத்தகைய கிளைதான். டெல்லியின் சட்டம் ஒரு பக்கம், வாஷிங்டனின் சட்டம் மறுபக்கம். ஐ.நா. தடையை மட்டுமே ஏற்போம், ஒரு நாடு தானாகப் போடும் தடையை ஏற்க மாட்டோம் என்று 2018 மே மாதம் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் சொன்னார். அடுத்த மே மாதம், அமெரிக்கா தந்த விலக்கு முடிந்ததும், ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. சட்டம் தடுக்காததை வங்கியும் காப்பீடும் தடுக்கும் என்பது எந்தப் பத்தியிலும் எழுதப்படாத ஏழாவது துண்டு.

தொகுப்புரை

கார்க் கப்பலின் சாய்தளத்தில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு காராக ஏற்றி நிறுத்துகிறார்கள். வேன் அவர்களை அள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குத் திரும்புகிறது. கயிறு கட்டுபவர் சக்கரத்தை இறுக்குகிறார். இவர்களில் யாரும் 2397ஐப் படிக்க வேண்டியதில்லை. உள்ளே நிற்கும் காருக்கு மூன்று அடையாளம்: சேசிஸ் எண், 87 என்று தொடங்கும் கோடு, போகும் நாட்டின் பெயர். முதல் இரண்டும் காரோடு ஒட்டிப் பிறந்தவை. மூன்றாவதை மட்டும் கடலிலேயே மாற்றி எழுதிவிடலாம்.