முகமறியாதவரிடம் கேட்ட கேள்வி

2015ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் காலை. மேற்கு மாம்பலத்தில் நம் தெருவில் முழங்கால் அளவு நின்ற வெள்ளம் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. மின்சாரம் இல்லை. வாசலில் தரைக்கு அடியிலிருந்த 6,000 லிட்டர் ‘சம்ப்’புக்குள் சாக்கடை நீர் புகுந்துவிட்டது. மாடிக் குடித்தனத்தில் எட்டு மாதக் குழந்தை. பால்மாவு டப்பாவில் அடி தெரிந்தது. மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும் கைப்பேசிக்கு அவ்வப்போது உயிர் வந்தது. எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர் அந்த மூலையில் நின்றுகொண்டு, நம் தொலைபேசி எண்ணோடு இரண்டு வரிகளை இணையத்தில் இட்டார். கைக்குழந்தைக்குப் பால்மாவு வேண்டும் என்பது ஒன்று. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்பது மற்றொன்று.

அந்தக் கேள்வியை யாருக்கு எழுதினோம் என்று இன்று எண்ணிப் பார்த்தால் நம்மிடம் விடை இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகம் தெரியாது. வீட்டுக் கவலையை வீதியில் வைக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறை நாம். ஆயினும் அன்று கேட்டோம். அப்படிக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நம் பேட்டையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கே ஏரிக்கரை எதுவும் கண்ணில் படாது. ஆனால் ‘லேக் வியூ சாலை’ உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிக்கப்பட்டு, தியாகராய நகராகவும் பிற குடியிருப்புகளாகவும் மாறியது. ஏரி போனாலும் நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. மழை நீரோடு சாக்கடை நின்றது. சாக்கடையில் கொசு பெருகியது. கொசுவோடு யானைக்கால் நோயும் வந்தது. மாம்பலத்துக் கொசுவைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளை வாசித்துச் சிரித்தவர்கள் வீங்கிய காலோடு அந்தத் தெருக்களில் நடந்தவர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1953இல் எம்.சி.சுப்பிரமணியம் என்னும் சமூகத் தொண்டர் இங்குத் தொடங்கிய பொது சுகாதார மையம் அந்தத் துன்பத்துக்கு நடுவே பிறந்ததுதான்.

அந்நாளில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இருந்தார். மருந்துக் கடைக்காரர், அடுத்த வீட்டு மாமி, தபால்காரர், ரயில் நிலையத்தில் தினமும் எட்டரை மணி வண்டிக்கு நிற்பவர், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடுகிறவர்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். அதுதான் வசதி, சங்கடமும் அதுதான். கடன், குடும்பச் சண்டை, வெளியில் சொல்லக் கூசும் நோய் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டால் பதிலோடு ஒரு பார்வையும் திரும்பி வரும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திரை எதற்கு என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கடத்தை வணிகமாக மாற்ற முதலில் துணிந்தவர்களுள் ஒருவர் லண்டனில் இருந்தார். ஜான் டன்டன் என்னும் புத்தக வியாபாரி 1691இல் ‘ஏதீனியன் மெர்க்குரி’ என்ற சிறு இதழைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் கேள்வி எழுதி ஒரு காப்பிக் கடை முகவரிக்கு அனுப்பலாம். விடை இதழில் அச்சாகும். இதழின் பெயர் திருத்தூதர் பணிகள் நூலின் பதினேழாம் அதிகாரத்திலிருந்து வந்தது. புதியதைச் சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைப் போக்கிய ஏதென்ஸ் நகரத்தாரைப் பற்றிய இடம் அது. திருத்தூதர் பவுலின் கதையில் அந்தக் குறிப்பு பாராட்டாக வரவில்லை. டன்டன் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். விலங்கியல், வேதாகமம், திருமணம், காதல், கடன் என எதைக் கேட்டாலும் விடை வந்தது. கற்றோர் சபை ஒன்றே விடை எழுதுவதாக வாசகர்கள் நம்பினார்கள். உண்மையில் டன்டனையும் சேர்த்து மூன்று நான்கு பேர்தாம். ஒருவர் கணிதம் அறிந்த ரிச்சர்ட் சால்ட். மற்றொருவர் டன்டனின் உறவினரான போதகர் சாமுவேல் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தந்தை. இதழ் 1697இல் நின்றது. கேட்பவர் மட்டுமன்றிச் சொல்பவரும் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு மட்டும் நின்றுபோகவில்லை.

தமிழில் இது வார இதழ்களின் வழியே வேர் பிடித்தது. ‘குமுதம்’ இதழில் ‘அரசு’ என்ற பெயரில் விடை எழுதியது ஒருவரா பலரா என்று வாசகர்கள் வாதிட்ட காலம் உண்டு. அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் ஆகிய மூவர் பெயரின் முதலெழுத்துகளே அது என்பார்கள். ‘ஜூனியர் விகட’னில் சுஜாதா ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று அறிவியல் ஐயங்களுக்கு விடை தந்தார். ‘தினமலர்’ வாரமலரில் எழுத்தாளர் அனுராதா ரமணன் குடும்பத் துயரங்களுக்கு எழுதிய பதில்களை, தமக்கு நேர்ந்தவைபோல் வாசித்து அழுத பெண்களை நாம் அறிவோம். 15 காசு அஞ்சலட்டையில் போன கேள்வி அச்சில் திரும்பி வர வாரக் கணக்கு ஆகும். அதற்குள் பாதிப் பேருக்குச் சிக்கல் தானாகவே தீர்ந்திருக்கும், அல்லது முற்றியிருக்கும். ஆனால் அந்த விடைக்கு ஓர் ஆசிரியர் குழு பொறுப்பேற்றது. இதழின் மேல் தேதி இருந்தது. இந்த இரண்டும் எவ்வளவு பெரிய காவல் என்பது அவை இல்லாமற் போனபிறகே நமக்குத் தெரிந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தரத் தொடங்கியபோது சென்னையும் அந்த முதல் நகரங்களுள் ஒன்று. அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் சமையல் குறிப்பு முதல் வருமான வரி வரை அந்நியரிடம் கேட்பது வழக்கமாயிற்று. அதைப் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணியிருந்தோம். 2015 டிசம்பர் அந்த எண்ணத்தை மாற்றியது.

டிசம்பர் 1 தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாறு கரை மீறியது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878இல் தோன்றிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. செய்தி சொல்ல வேண்டியவர்களே வெள்ளத்தில் நின்றபோது, படகு எங்கே, பால் எங்கே, எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்பதை முன்பின் அறியாதவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்தவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து, கேட்டவர் பட்டியலையும் கொடுப்பவர் பட்டியலையும் அட்டவணையாக்கினார்கள். பிரதீப் ஜான் என்பவர் வானிலைத் துறை அதிகாரி அல்லர். மழையின் மேல் பற்றுக்கொண்டு ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதி வந்தவர். அந்த மாதத்தில் நகரமே அவரை நாடியது. மழை எப்போது விடும் என்பதோடு நில்லாமல், கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்றும் அவரிடம் கேட்கும் பழக்கம் பரவியது.

கூடவே குப்பையும் வந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி நகருக்குள் வந்துவிட்டன என்றொரு வதந்தி. பண்ணையினர் மறுத்தும் அது ஓயவில்லை. அதைவிடத் தீங்கானது, உண்மையாக இருந்து பொய்யாகிப்போன செய்தி. காலையில் ஒரு முதியவர் மாடியில் சிக்கியிருந்தது உண்மை. பிற்பகலில் அவர் மீட்கப்பட்டார். மறுநாளும் அவருக்காகப் படகு கேட்ட செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் படகு போயிருக்க வேண்டிய இன்னொரு வீடு எங்கோ இருந்தது. தன்னார்வலர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்: நேரம் எழுதப்படாத வேண்டுகோளைப் பரப்புவதில்லை, தொலைபேசியில் பேசிச் சரிபார்க்காமல் அனுப்புவதில்லை, தேவை தீர்ந்ததும் தீர்ந்தது என்று எழுதுவது.

இனி நம் சம்ப்புக்கு வருவோம். ஒரு மணி நேரத்துக்குள் பதினோரு விடைகள். ஒரு கைப்பிடி போடுங்கள் என்றார் ஒருவர். ஒரு கிலோ என்றார் மற்றொருவர். படிகாரம் போதும் என்றொரு விடை. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்றொரு விடை. பன்னிரண்டாமவர் விடை சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார். தொட்டி எத்தனை லிட்டர்? தண்ணீர் கலங்கியிருக்கிறதா? பவுடர் பொட்டலம் எப்போது பிரித்தது?

நாம் சற்று எரிச்சலடைந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகுதான் அவர் எழுதினார். சாக்கடை கலந்த நீரில் பவுடரைக் கொட்டிப் பயனில்லை. கலங்கலும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும். நீரை முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல நீரை நிரப்பிய பிறகே மருந்து. நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம். நம் தொட்டிக்கு 15 கிராம். நீரில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். புதிய பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். பிரித்து வைத்த பொட்டலத்தில் நாளாக ஆகக் குறையும். குடிப்பதற்கு அதையும் காய்ச்சிக்கொள்ளுங்கள். நனைந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள்.

கேள்வியே தவறு என்பதை அவர் மட்டுமே கண்டார். நாம் எத்தனை கிராம் என்று கேட்டோம்; அந்த நீரை வைத்திருக்கலாமா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! மற்றப் பதினோரு பேரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஐயமுற்றோருக்கு ஆலோசனை சொல்வதை ஆன்மிக இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது. அந்த இரக்கத்துக்குப் பொறுமையும் வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்தவர் மதம் தெரியாத, பெயருக்குப் பதில் மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்திருந்த ஒருவர்.

ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின், 2021 ஏப்ரல், மே மாதங்களில் அதே கேள்விகள் வேறு உருவில் வந்தன. படுக்கை எங்கே, ஆக்சிஜன் எங்கே, ரெம்டெசிவிர் எங்கே. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அந்த மருந்துக்காக விடிய விடிய வரிசை நின்றது. மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. 2022இல் அதே நிறுவனம், நோய் முற்றாத, ஆனால் ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டது. வல்லுநர் சபையின் விடைக்கே ஆயுள் இவ்வளவுதான் என்றால், யாரோ அனுப்பிய தொலைபேசிப் பட்டியலின் ஆயுள் எவ்வளவு இருக்கும்? பத்து எண்களை அழைத்து, பத்தும் பயனற்றுப் போன பிறகு நோயாளியின் மகன் எந்த மனநிலையில் பதினோராவது எண்ணை அழுத்துவான் என்பதைப் பட்டியல் அனுப்புகிறவர் எண்ணுவதில்லை. அந்த நெருக்கடியில் தமிழக அரசு 104 சேவையோடு ஒருங்கிணைந்த கட்டளை மையத்தை நடத்தியது. இணையத்தில் குறிப்பிட்ட அடையாளச் சொல்லோடு வந்த வேண்டுகோள்களை அங்கிருந்தவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தில் உதவி கேட்கும் குடிமக்களை எந்த அரசும் ஒடுக்கலாகாது என்று எச்சரித்தது. முன்பின் அறியாதவரிடம் கையேந்துவதற்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே காவல் நிற்க வேண்டியிருந்ததை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

கேட்பவரின் பதற்றத்தை முதலாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அக்காலத்தில் இல்லாத ஆக்சிஜனுக்கு முன்பணம் வாங்கி மறைந்தார்கள். இன்று வங்கியின் உதவி எண், எரிவாயு நிறுவனத்தின் உதவி எண் என்று பொய் எண்களை இணையத்தில் விதைத்துக் காத்திருக்கிறார்கள். தனித்து வாழும் முதியோர் நிறைந்த நம் பகுதிக்கு இது கதையன்று. ஏமாந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அந்த டிசம்பர் 3 அன்று பால்மாவு நண்பகலுக்குள் வந்துவிட்டது. கோடம்பாக்கத்திலிருந்து இரு இளைஞர்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து இரண்டு டப்பாக்களைக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனார்கள். ஆனால் நம் தொலைபேசி ஓயவில்லை. அன்று மாலை, மறுநாள், அதற்கு மறுநாள், குழந்தைக்குப் பால் கிடைத்ததா என்று அழைத்துக்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் கண்ணீர் வந்தது. மூன்றாம் நாள், வெட்கத்தோடு சொல்கிறோம், அலுப்பு வந்தது. ஐந்தாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பேசினார். லாரி புறப்படப் போகிறது, உங்கள் முகவரிக்கு நாற்பது டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறோம் என்றார். நமக்கு வேண்டாம், ஜாஃபர்கான்பேட்டையில் ஆற்றோரம் இருப்பவர்களுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம்.

போனை வைத்ததும் எதிர்வீட்டு மாணவரை அழைத்தோம். அவர் மாடி மூலைக்கு ஓடி, தாம் இட்ட வரிகளைத் தேடி எடுத்து, கீழே எழுதினார்: ‘டிசம்பர் 3, பகல் 12 மணிக்குப் பால்மாவு கிடைத்துவிட்டது. இனி அழைக்க வேண்டாம். நன்றி.’