பக்தாதின் சதுரங்க ஏடுகள்

மன்னர் நிகழ்த்திய போர்களை எழுதிவைக்க அரசவையில் புலவர்கள் இருப்பர். மக்கள் ஓய்வு வேளையில் ஆடிய ஆட்டத்தின் வரலாற்றை எழுதிவைப்பவர் யார்? அப்பாஸிய கலீபாக்களின் தலைநகராம் பக்தாதில் சதுரங்கம் ஆடப்பட்ட வரலாற்றை அறியப் புகுந்தபோது இவ்வினாவே நம் முன் நின்றது. 1258இல் ஹுலாகூவின் படை அந்நகரைச் சூறையாடியது. அரண்மனைகளோடு நூலகங்களும் பாழாயின. எனினும் தடயங்கள் முற்றும் மறையவில்லை.

முதல் தடயம் சொல். இந்திய நாட்டின் 'சதுரங்கம்' பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியர் நாவில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அரசன் ஷாஹ், யானை ஃபீல், குதிரை ஃபரஸ், காலாள் பைதக். இன்று நாம் ராணி என்றழைக்கும் காய் அன்று 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சன். குறுக்காக ஒரு கட்டமே நகர்வான். ஆட்டம் மெல்ல நடந்தமையால், தொடக்க அணிவகுப்புகளுக்குத் 'தஅபியா' என்று பெயரிட்டு, வகைவகையாக எழுதிவைத்தனர்.

இரண்டாம் தடயம் ஃபிக்ஹு நூல்கள். சூதின்றியும் தொழுகை தவறாமலும் ஆடினால் அது ஹராம் அன்று, மக்ரூஹ் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. பிற மத்ஹபுகளின் அறிஞர்கள் இன்னும் கடுமை காட்டினர். ஆட்டம் அரண்மனைக்குள் மட்டும் அடங்கியிருந்தால் மார்க்க அறிஞர்கள் இத்துணை விரிவாக அதனை ஆய்ந்திருப்பரோ? மக்களிடையே அது பரவியிருந்தமைக்கு அவர்தம் விவாதமே சான்று.

மூன்றாம் தடயம் நூற்பட்டியல். பக்தாதின் நூல் வணிகர் இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த 'அல் ஃபிஹ்ரிஸ்த்' நூலில் சதுரங்க ஆசிரியர்களையும் மறவாது குறித்தார். கலீபா முதவக்கிலின் (847-861) திருமுன் அத்லீயும் ராஸீயும் ஆடியதை அதில் காண்கிறோம். அவர்களுக்குப் பின் வந்த அபூபக்ர் அஸ்ஸூலீ வரலாற்றாசிரியர். கலீபா ராளீயின் ஆசானும் ஆவார். தோட்டத்தின் எழிலைத் தோழர்கள் புகழ, ஸூலீயின் ஆட்டம் இதனினும் அழகியது என்று ராளீ மறுமொழி பகர்ந்ததாக மஸ்ஊதீ எழுதுகிறார். அத்தகையவர், கி.பி. 946ஆம் ஆண்டளவில் பஸராவில் மறைந்து வாழ்ந்த நிலையில் உயிர் நீத்தார்.

அத்லீயின் மூலநூல் இன்றில்லை. ஆனால், ஹிஜ்ரி 535இல் (கி.பி. 1140) படியெடுக்கப்பட்டு இஸ்தான்புல் நகரில் காக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் அத்லீ, ஸூலீ இருவரின் பகுதிகளும் உள்ளன. கலீபாக்களின் செல்வத்தால் காக்க இயலாததை, படியெடுத்த ஒருவரின் எழுதுகோல் காத்தது!

இத்தகைய ஏடுகளைப் படிப்பதற்காகவே அரபு மொழி கற்றார் ஹெச். ஜே. ஆர். மர்ரே என்னும் ஆங்கிலேயப் பள்ளி ஆய்வாளர். 1913இல் அவர் வெளியிட்ட சதுரங்க வரலாறு சுமார் 900 பக்கங்கள் கொண்டது. ஸூலீ விட்டுச்சென்ற புதிர் ஒன்றில் பலகைமேல் நான்கே காய்கள். இரு அரசர், இரு அமைச்சர். ஆயிரம் ஆண்டுகளாக விடை காணப்படாதிருந்த அதனை 1980களில் சோவியத் ஆட்டக்காரர் யூரி அவெர்பாக் விடுவித்தார். ஏடு தப்பியதால் அன்றோ புதிரும் தப்பியது!

மர்ரே நடுவயதை நெருங்கிய பருவத்தில் முயன்று கற்ற எழுத்துகளை நம் பிள்ளைகள் ஏழு வயதிலேயே மதரஸாவில் கற்கின்றனர். ஆனால், பாட்டனார் விட்டுச்சென்ற பெட்டியில் அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கரையான் அரிக்கக் காண்கிறோம். முன்னோர் பெருமையை மேடையில் முழங்குவது எளிது. அப்பெருமைக்குச் சான்று கேட்டால் ஏடன்றோ பேச வேண்டும்? இந்த வாரமே அப்பெட்டியைத் திறந்து பாருங்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இப்னு நதீம் செய்ததும் அதுவே.