சென்னையில் கணித்த காணாக்கோள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்கள் தம் மண்ணை வானம் பார்த்த பூமி என்று குறைபட்டுக்கொள்வர். தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையிலேயே பெய்து ஓய்ந்துவிட, ஆடியில் கரிசலுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் காற்றுத்தான். எனினும் வானம் பார்ப்பவனுக்கு அந்நிலம் நல்ல நிலமே. ஆடிக் கடைசியில் இஷாத் தொழுகை முடித்து, விளக்கொளி படாத கண்மாய்க் கரையில் நின்று அண்ணாந்தால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே மங்கிய விண்மீன் ஒன்றைக் காணலாம். அரபு வானநூலார் 'அல் ஹவ்வா', அதாவது பாம்பாட்டி, என்றழைத்த கூட்டத்தைச் சேர்ந்தது அது. ஐரோப்பியர் பட்டியலில் அதற்கு எண் 70.

வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அது உண்மையில் இரண்டு. 1779இல் வில்லியம் ஹெர்ஷல் இதனைக் கண்டார். நம் ஞாயிற்றினும் சிறிய இரு ஞாயிறுகள், ஏறத்தாழ 16.6 ஒளியாண்டுத் தொலைவில், 88 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன.

இவ்விரட்டையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய வானாய்வகத்தின் தலைவர் அவர். கணக்கிட்ட பாதைக்கும் கண்ட இடத்திற்கும் வேறுபாடு இருப்பதை உணர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அவ்விண்மீனை இழுப்பதாலேயே அது வழி பிறழ்கிறதெனக் கருதலாம் என்று 1855இல் எழுதினார். பிற ஞாயிறுகளுக்கும் கோள் இருக்கலாமென ஊகித்தோர் முன்னரும் உண்டு. ஆனால் இன்ன விண்மீனுக்கு இன்ன காரணத்தால் உண்டு என்று அளவைகளைக் காட்டி வாதிட்ட முதல் முயற்சிகளுள் இது ஒன்று. அது நம் சென்னையிலிருந்து எழுந்தது.

அவ்வாறு எண்ண அவருக்கு நியாயமிருந்தது. யுரேனஸின் தடுமாற்றத்தைக் கணக்கிட்டே 1846இல் நெப்டியூனைக் கண்டிருந்தனர்; அதற்கு ஒன்பதாண்டே கழிந்திருந்தது. ஆயினும் ஓர் இடர்ப்பாடு. ஹெர்ஷல் கண்டது முதல் 1855 வரை கடந்தவை 76 ஆண்டுகள். அவ்விரட்டை ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை! முடியாத வட்டத்திலிருந்து, அதுவும் மயிரிழை பிசகும் அளவைகளைக் கொண்டு, முழுப்பாதையையும் வகுப்பது எளிதன்று.

1896இல் ஸீ என்னும் அமெரிக்கர் அக்கோளுக்கு 36 ஆண்டுச் சுற்றுக்காலம் என்று அறுதியிட்டே கூறிவிட்டார். அப்பாதையில் மூன்றாம் பொருளொன்று நிலைத்திருக்க இயலாதென 1899இல் மோல்டன் கணக்கால் மறுத்தார். 1943இல் மீண்டும் ஒரு கோள் 'கண்டறியப்பட்டது'; அதுவும் நிற்கவில்லை. இற்றைவரை அவ்விரட்டையில் கோள் எதுவும் உறுதிப்படவில்லை.

ஆகவே வெளிக்கோளை முதலிற்கண்டது சென்னை என்று மார்தட்டுதல் பொய்யாகும். ஆனால் ஜேக்கப்பின் சிந்தனை வழி பொய்க்கவில்லை என்பது நம் கருத்து. புதுச்சேரியிலிருந்து 1689இல் ரிஷோ என்ற பாதிரியார் தென்வானத்து ஆல்ஃபா சென்டாரியை இரட்டையென்று கண்டார். அதற்குத் துணையான செந்நிறச் சிறுமீன் பிராக்ஸிமா. 2016இல் அதன் ஒளியில் தெரிந்த சிறு அசைவைக் கொண்டே, பூமியினும் சற்றே எடை மிகுந்ததும் பாறையாலானது எனக் கருதப்படுவதுமான ஒரு கோள் அறியப்பட்டது. அங்கும் கோளைக் கண்ணாற் காணவில்லை. அது இழுத்த இழுப்பையே கண்டனர்.

ஜேக்கப் 1862இல் புனாவில் மறைந்தார். 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குச் சென்றது. நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதன்மீது 1792 என்னும் ஆண்டும், இலத்தீன், தமிழ், தெலுங்கு ஆகியவற்றோடு அரபு எழுத்து வடிவிலும் வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன.