மிங்கலடோன் ஸ்பிட்ஃபயர் அகழாய்வு

இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூன் மண்ணில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களைத் தேடி, 2013 ஜனவரியில் மிங்கலடோன் விமானநிலையத்தில் நடந்த அகழாய்வு.

நகருக்கு வடக்கே உள்ள இத்தளம் தமிழர் நினைவோடு பிணைந்தது. 1941 டிசம்பர் 23, 25 ஆகிய நாள்களில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். பிரிட்டிஷ் படையின் பஃபலோ விமானங்களும், ‘பறக்கும் புலிகள்’ எனப்பட்ட அமெரிக்கத் தன்னார்வப் படையின் பி-40 விமானங்களும் இங்கிருந்து எழுந்து எதிர்த்தன. துறைமுகக் கூலிகள், செட்டியார் கடைப் பையன்கள், சமையல்காரர்கள் எனப் பல்லாயிரம் தமிழர் வாழ்ந்த நகரம் அது. குண்டுவீச்சுக்கு அஞ்சி இந்தியாவுக்குத் தப்பியோடியபோது, கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மூட்டை முடிச்சோடு அரக்கான், மணிப்பூர் மலைப்பாதைகளில் நடந்தார்கள். வழியிலேயே காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம். பர்மாவிலிருந்து நடந்து வந்த கதை மதுரை, ராமநாதபுரம் வட்டாரக் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்தது. 20,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுள் சில, பிரித்த நிலையில் கிரீஸ் பூசப்பட்டு, மரப்பெட்டிகளோடு மிங்கலடோனில் ஆழமாகப் புதைக்கப்பட்டன என்பது இங்கிலாந்து விவசாயி டேவிட் கண்டாலின் நம்பிக்கை. முதிய படைவீரர்களின் வாய்மொழியை வைத்துப் பல ஆண்டுகள் அலைந்து, 2012இல் மியான்மர் அரசின் அனுமதியைப் பெற்றார். கணினி விளையாட்டு நிறுவனமான வார்கேமிங் செலவை ஏற்க, ஆண்டி பிராக்மன் தலைமையில் தொல்லியலாளர்கள் இறங்கினர்.

கீழடிபோல் கரண்டியும் தூரிகையுமாகச் செய்யும் வேலையல்ல இது. முதலில் நிலத்தடியின் மின்கடத்தும் திறனை அளந்து உலோகம் இருக்கக்கூடிய இடத்தைக் குறித்தார்கள்; பிறகு மண்வாரி இயந்திரம் தோண்டியது. ஓடுபாதையை ஒட்டிய இடம் என்பதால் மின்கம்பிகள் குறுக்கிட்டன. நாட்டின் வடக்கே, தேடல் நடந்த இன்னொரு இடமான மிச்சினாவில் தட்டுப்பட்ட ஒரு பெட்டிக்குள் கேமராவை இறக்கியபோது கலங்கல் நீர்தான் தெரிந்தது.

தேடலின் முடிவு: விமானம் ஏதும் புதைக்கப்படவில்லை. பெட்டிகளில் ரங்கூன் வந்த விமானங்களுள் பெரும்பாலானவை 1946இல் திருப்பி அனுப்பப்பட்டதை ஆவணங்கள் காட்டுகின்றன. போர் முடிந்த ரங்கூனில், அதுவும் மழைக்காலத்தில், அத்தனை பெரிய குழி வெட்டிப் பெட்டிகளைப் புதைக்கப் பாரந்தூக்கியும் இல்லை, மரமும் இல்லை. பிப்ரவரி நடுவில் வார்கேமிங் இந்த முடிவை அறிவித்தது, கண்டால் ஏற்கவில்லை. விமானநிலையம் இப்போதும் இயங்குகிறது.