கனேடியன் கிராஸ்

கணினித் துறைச் சொல். ஒரு கணினியில் கட்டப்பட்டு, இரண்டாவது வகைக் கணினியில் ஓடி, மூன்றாவது வகைக்கு நிரல் ஆக்கித் தரும் கம்பைலரை உருவாக்கும் முறை.

வேறு வகைக் கணினிக்கான நிரலை இங்கிருந்தே ஆக்கித் தருவது கிராஸ் கம்பைலர். 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட கட்டற்ற கம்பைலர் ஜிசிசி. கம்பைலரே இல்லாத புதுக் கணினிக்கு அதைக் கொண்டுசேர்க்க கிராஸ் கம்பைலர்தான் வழக்கமான வழி. முதலில் பழைய கணினியில் கிராஸ் கம்பைலரைக் கட்டுவார்கள். பிறகு அதைக்கொண்டு ஜிசிசியின் மூலநிரலையே புதுக் கணினிக்காகக் கம்பைல் செய்வார்கள்.

ஜிசிசியைக் கட்டும்போது மூன்று விவரங்களைத் தனித்தனியே சொல்லலாம்: கட்டும் கணினி ‘பில்ட்’, கம்பைலர் ஓடப்போகும் கணினி ‘ஹோஸ்ட்’, அது நிரல் தரும் கணினி ‘டார்கெட்’. மூன்றும் ஒன்றானால் ‘நேட்டிவ்’. டார்கெட் மட்டும் வேறானால் ‘கிராஸ்’. மூன்றும் வெவ்வேறானால் ‘கனேடியன்’. லினக்ஸில் கட்டி, விண்டோஸில் ஓட்டி, ஏஆர்எம் சில்லுக்கு நிரல் எடுப்பது இந்த வகை.

பெயர்க் காரணம்: இதைப் பற்றிய விவாதம் நடந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தன. அந்த மூன்றே பெயருக்குக் காரணம். மற்றபடி இந்த முறைக்கும் கனடாவுக்கும் தொடர்பு கிடையாது.